நிராகரிக்கப்பட்ட ஓவியங்களை மீண்டும் அனுப்பலாமா?

கேள்வி: ஸ்டாக் தளம் (படங்களைப் பயன்படுத்தும் உரிமையைப் பலருக்கும் விற்கும் இணையதளம்) ஒன்றில் ஓவியங்களை விற்கும் பங்களிப்பாளராக அண்மையில் சேர்ந்தேன். மருத்துவ ஐகான் தொகுப்பு ஒன்று ‘அறிவுசார் சொத்துரிமை’ என்றும், நீர்வண்ணத்தில் வரைந்து ஸ்கேன் செய்து வெக்டராக (பிக்சல்களுக்குப் பதிலாகக் கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன கோப்பாக) மாற்றிய மலர் ஓவியம் ‘தொழில்நுட்பக் குறை’ என்றும், 8 நிறங்களில் தயாரித்த வடிவியல் பின்னணிகள் ‘ஒத்த உள்ளடக்கம்’ என்றும் நிராகரிக்கப்பட்டுவிட்டன. எல்லாமே நானே வரைந்தவை. அவற்றை அப்படியே மீண்டும் அனுப்பலாமா, அல்லது வேறு தளத்தில் முயலலாமா?

பதில்: அப்படியே மீண்டும் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். வேறொரு பரிசீலகரின் கையில் கிடைத்தால் ஏற்கப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையில் பலர் அப்படிச் செய்கிறார்கள். சில சமயம் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் திருத்தாத கோப்பைத் திரும்பத் திரும்பப் பதிவேற்றுவதைத் தளங்கள் விதிமீறலாகவே கருதுகின்றன; ஒரு படத்துக்காகக் கணக்கையே பணயம் வைப்பதில் பொருளில்லை. வேறு தளத்தில் முயலலாமா என்பதற்கு உங்கள் மூன்று கோப்புகளுக்கும் ஒரே விடை கிடையாது. நிராகரிப்புச் செய்தியில் வரும் அந்த ஒற்றை வரி, முன்கூட்டியே எழுதிவைத்த காரணங்களின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவது. உங்கள் கோப்பில் எந்த இடத்தில் என்ன குறை என்பதை அது சொல்லாது; ஒரு குறை கண்ணில் பட்டதுமே பரிசீலனை முடிந்துவிடக்கூடும் என்பதால், சொல்லப்பட்ட குறையைத் தவிர வேறு குறை இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றில் அதிகக் கவனம் தேவைப்படுவது மருத்துவ ஐகான் தொகுப்புதான். ‘நானே வரைந்தேன்’ என்பது இங்கே பதிலாகாது, ஏனெனில் யார் வரைந்தார் என்பது ஒரு கேள்வி, வரையப்பட்ட சின்னம் யாருடையது என்பது வேறு கேள்வி. அந்தத் தொகுப்பில் ஆம்புலன்ஸின் மீதோ முதலுதவிப் பெட்டியின் மீதோ வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவத்தைக் குறிக்கும் பொதுவான அடையாளம் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னம் உண்மையில் ஜெனீவா ஒப்பந்தங்களால் பாதுகாக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் முதல் ஒப்பந்தத்தின் 53ஆவது பிரிவு, உரிமை பெறாத தனிநபர்களும் நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. செம்பிறைச் சின்னத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நிறங்களை இடம் மாற்றிச் சிவப்பின் மேல் வெள்ளைச் சிலுவையாக்கினாலும் தப்பிக்க முடியாது, ஏனெனில் அது சுவிட்சர்லாந்தின் சின்னத்தை ஒத்திருக்கும். அதைப் பற்றியும் அதே பிரிவு பேசுகிறது. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை என்று மாற்றிவிடுங்கள். முதலுதவிக்கான ஐஎஸ்ஓ 7010 பாதுகாப்புக் குறியும் அதுவே என்பதால், படத்தை வாங்குபவருக்கும் பொருள் தெளிவாகப் புரியும்.

சிலுவை இல்லையென்றால் சந்தேகம் அடுத்துச் செல்ல வேண்டிய இடம், மருத்துவரின் கையில் இருக்கும் கைபேசியோ மேசைமேல் இருக்கும் கணினியோதான். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் கருவி என்று பார்த்தவுடன் தெரியும்படி கேமராக்களின் அமைப்பையும் திரையின் மேல்வெட்டையும் வரைந்திருந்தால், லோகோ இல்லாவிட்டாலும் நிராகரிக்கப்படலாம். ஐகான்கள் அனைத்தும் சுத்தமாக இருந்தும் நிராகரிக்கப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைப் பலரும் படத்துக்குள்ளேயே தேடிக் களைத்துப்போகிறார்கள். தலைப்பிலோ குறிச்சொற்களிலோ ஒரு வணிகப் பெயர் இருந்தாலே போதும்: தேடலில் முன்னே வரட்டும் என்று ‘ஐபோன்’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தால், அதை நீக்கிவிட்டு அனுப்புவதே முழுத் திருத்தமாகிவிடும். இந்தத் தொகுப்பை மட்டும் திருத்தாமல் வேறு தளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தளம் ஏற்றுக்கொண்டாலும், படத்தில் பிறர் உரிமை மீறப்படவில்லை என்று பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் உறுதியளித்திருப்பவர் நீங்கள்தான்.

மலர் ஓவியத்தைப் பொறுத்தவரை, அதை வெக்டராக மாற்றியதே தேவையற்ற வேலை என்பது என் கருத்து. நீர்வண்ணத்தின் மெல்லிய நிறச்சாய்வை படத்தைத் தானாக வெக்டராக்கும் இமேஜ் டிரேஸ் போன்ற கருவியிடம் கொடுத்தால், அது ஒவ்வொரு சாயலையும் தனித்தனித் துண்டாக வெட்டி, ஓர் இதழுக்கே கோடுகளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஆங்கர் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கிவிடும். வெக்டர் வரையும் மென்பொருளான இல்லஸ்டிரேட்டரில் கன்ட்ரோல், ஒய் விசைகளை அழுத்தி அவுட்லைன் காட்சிக்குச் சென்று பாருங்கள்; இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் நூல் சிக்கலைப் போன்ற கோடுகளே தெரியும். வெக்டர் வாங்குபவர் ஓர் இதழின் நிறத்தை மாற்றவோ ஒரு இலையைத் தனியே எடுக்கவோ நினைத்துத்தான் அந்த வடிவத்தைத் தேடி வருகிறார். அது முடியாத கோப்பை இபிஎஸ் (வெக்டர் கோப்பு வகை) என்று அழைப்பது பெயரளவுக்குத்தான். அதே ஓவியத்தை ஜேபெக் கோப்பாக, ‘புகைப்படம்’ என்றில்லாமல் ‘இல்லஸ்ட்ரேஷன்’ என்ற வகையைக் குறித்து அனுப்புங்கள். வகையைத் தவறாகக் குறிப்பதும் நிராகரிப்புக்குக் காரணமாகும்.

ஏ4 அளவுத் தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480 × 3508 பிக்சல், அதாவது ஏறத்தாழ 8.7 மெகாபிக்சல் கிடைக்கும். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டும் ஜேபெக் படங்களுக்குக் கேட்கும் 4 மெகாபிக்சலுக்கு இது போதுமானதே என்றாலும், 600 டிபிஐயில் எடுத்துக்கொண்டால் பின்னர் ஒரு மலரை மட்டும் வெட்டித் தனிப் படமாக்க வழி இருக்கும். ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் பின்னணி பெரும்பாலும் முழு வெள்ளையாக இருப்பதில்லை. போட்டோஷாப்பில் லெவல்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைச் சேர்த்து, அதன் கருமை முனையை வலப்பக்கம் கடைசிவரை நகர்த்திப் பாருங்கள். தாளின் சொரசொரப்பு, தூசி, அழிப்பான் தடம், மலரைச் சுற்றி விடுபட்ட சாம்பல் விளிம்பு ஆகிய அனைத்தும் கருமையாக எழுந்துவரும். அவற்றைத் துடைத்து முடித்தபின் அந்த லேயரை நீக்கிவிட்டு, திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி நிறவகையில் சேமியுங்கள். மலரைப் பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்திருந்தால் சிக்கல் மீண்டும் உரிமைப் பக்கம் திரும்பிவிடும். நீங்களே எடுத்த புகைப்படம் என்றால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். உரிமை ஒப்புதல் படிவத்துடன் மூலப் படத்தையும் இணைக்கச் சொல்லும் தளங்கள் உண்டு.

வெக்டராகவே பிறந்த உங்கள் ஐகான்களிலும் பின்னணிகளிலும் பார்க்க வேண்டியவை வேறு. எழுத்துகள் அவுட்லைனாக மாற்றப்படாமல் ஃபான்ட்டாகவே இருப்பது, முனைகள் இணையாத பாத்கள் (வடிவக் கோடுகள்), ஆர்ட்போர்டுக்கு (வரைபரப்புக்கு) வெளியே கிடக்கும் துணுக்குகள், மறைத்து வைத்து மறந்துபோன லேயர்கள், அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறவகை ஆகியவை அடிக்கடி சிக்குபவை. உள்ளே ராஸ்டர் (பிக்சல்களால் ஆன) படம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை இல்லஸ்டிரேட்டரின் லிங்க்ஸ் பேனல் காட்டிக்கொடுத்துவிடும். வெக்டரை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாமே என்று சிறிய ஆர்ட்போர்டில் சேமித்து அனுப்பினாலும் நிராகரிக்கப்படும். அடோபி ஸ்டாக் வெக்டருக்குக் குறைந்தது 15 மெகாபிக்சல் கேட்கிறது, 5000 × 3000 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பின்னணிகளுக்கு நான் வாதாட மாட்டேன். நிறத்தை மட்டும் மாற்றிய 8 வெக்டர்களில் ஏழு தேவையற்றவை, ஏனெனில் வாங்குபவரே ஒரு நிமிடத்தில் நிறத்தை மாற்றிக்கொள்வார். நன்றாக விற்கக்கூடிய நிறத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதே வடிவங்களிலிருந்து இணைப்புத் தெரியாமல் தொடரும் பேட்டர்ன் ஒன்றையும், எழுத்துக்கு இடம் விட்ட செங்குத்து அமைப்பு ஒன்றையும் புதிதாக உருவாக்குங்கள். அவற்றைப் பதிவேற்றும்போது ஒரே தலைப்பையும் ஒரே குறிச்சொற்களையும் பிரதியெடுத்து ஒட்ட வேண்டாம்.

திருத்திய மலர் ஓவியத்தையும் பின்னணிகளையும், ஒரே தளத்துக்கு மட்டுமே தருவதாகச் சொல்லும் ஒப்பந்தம் எதிலும் நீங்கள் கையெழுத்திட்டிருக்காவிட்டால், ஒரே சமயத்தில் பல தளங்களுக்கு அனுப்பலாம். ஓரிடத்தில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட படம் இன்னோரிடத்தில் தொடர்ந்து விற்பது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. ஏஐ கருவியால் உருவாக்கிய பகுதி ஏதேனும் இருந்தால் மட்டும் முதலில் விதிகளைப் பாருங்கள்: அடோபி ஸ்டாக் அதை உரிய அடையாளத்துடன் ஏற்கிறது, ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டி இமேஜஸும் பங்களிப்பாளர்களிடமிருந்து ஏற்பதில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் ஐகான் தொகுப்பு அதே காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டால், மூன்றாம் முறை பதிவேற்றாமல் பங்களிப்பாளர் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். கோப்பின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, எந்தெந்த ஐகானில் எதை மாற்றினீர்கள் என்று சொல்லி, தொகுப்பில் எந்த ஐகான் இன்னும் தடையாக இருக்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்க விருப்பமில்லையென்றால், தொகுப்பை நான்கைந்து சிறு கோப்புகளாகப் பிரித்து, சந்தேகத்துக்கு இடமில்லாத ஐகான்களை முதலில் விற்பனைக்கு அனுப்பிவிடலாம்.