லென்ஸ் நீட்டிய நிலையில் விழுந்த கேமரா: முதலில் எதைச் செய்யக் கூடாது?

கேள்வி: வணக்கம் ஐயா. போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. அப்பா வாங்கி வைத்திருந்த சின்ன டிஜிட்டல் கேமராவில்தான் படம் எடுத்தோம். என் அக்கா பையன் கையிலிருந்து நழுவி, லென்ஸ் வெளியே நீட்டியிருந்த நிலையிலேயே மண்டபத் தரையில் விழுந்துவிட்டது. இப்போது லென்ஸ் பாதியில் நிற்கிறது, ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. ஆன் செய்தால் கர்ர்ர் என்று சத்தம் வந்து, லென்ஸ் பிழை என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. உள்ளங்கையில் ஓங்கித் தட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கடையில் 3,500 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா இப்போது எங்களோடு இல்லை. கேமராவைக் காப்பாற்ற முடியுமா? காதுகுத்துப் படங்கள் கிடைக்குமா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: வணக்கம் அம்மா. படங்கள் அநேகமாகப் பத்திரமாக இருக்கும். கேமராவுக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை அதை இன்னொரு முறை ஆன் செய்யாதீர்கள். என் மேசைக்கு வருகிற இப்படிப்பட்ட கேமராக்களில் பாதிக்கு மேல், விழுந்ததால் மட்டும் கெட்டவை அல்ல. விழுந்த பிறகு, "இந்தத் தடவை வந்துவிடும்" என்ற நம்பிக்கையில் பத்து, இருபது முறை ஆன் செய்து பார்த்ததால் கெட்டவை.

முதலில் படங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதே மூடிக்குள்தான் மெமரி கார்டும் இருக்கும். விரல் நகத்தால் மெல்ல உள்ளே அழுத்தினால் க்ளிக் என்று வெளியே வரும். கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பூட்டுப் பொத்தான் உண்டு. அதைப் பூட்டும் பக்கம் தள்ளிவிட்டு, கார்டு ரீடரில் போட்டுக் கணினியில் நகல் எடுங்கள். கேமரா வழியாக வயர் போட்டு எடுக்க முயல வேண்டாம்.

படம் பதிவாகிக்கொண்டிருந்த நொடியிலேயே கேமரா விழுந்து அணைந்திருந்தால், கார்டை ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கார்டில் வேறு எதையும் பதியவும் கூடாது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட கார்டுகளிலிருந்து படங்களை மீட்கும். மீட்கிற படங்களை வேறு இடத்தில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல. கார்டு இல்லாமல் எடுத்த சில படங்கள் கேமராவின் உள் நினைவகத்தில் இருக்கவும் கூடும். கேமரா பழுதுபார்க்கப் போகும்போது அதைச் சொல்லிக் கொடுங்கள்.

இனி அந்தக் கர்ர்ர் சத்தம். உங்கள் கேமராவின் லென்ஸ், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குழாய்களால் ஆனது. கல்யாண வீட்டு அடுக்குப் பாத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக் குழாயின் உட்சுவரில் சாய்வான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். உள் குழாயின் மேல் துருத்தும் சிறு முனைகள், பெரும்பாலும் மூன்று, அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். குழாய் சுழன்றால் முனைகள் பள்ளத்தின் வழியே நகர்ந்து, லென்ஸ் முன்னும் பின்னும் போகும். இவ்வளவையும் நகர்த்துவது சுண்டுவிரல் நகம் அகலமுள்ள ஒரு மோட்டாரும், வரிசையாகக் கோத்த பிளாஸ்டிக் பல்சக்கரங்களும்தான். லென்ஸ் எங்கே இருக்கிறது என்பதைச் சின்னச் சின்ன ஒளி உணரிகள், கேமராவை இயக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எதிர்பார்த்த நேரத்துக்குள் எதிர்பார்த்த இடத்துக்கு வராவிட்டால், போர்டு மோட்டாரை நிறுத்திப் பிழை காட்டும். பழைய கேனன் மாடல்களில் இ18 என்று வருமே, அதுவும் இதே சங்கதிதான்.

மூடிய நிலையில் விழுந்தால் உடம்பு அடி வாங்கும். நீட்டிய நிலையில் விழுந்தால் அடி முழுவதும் அந்தக் குழாயின் ஓரத்தில் இறங்கும். மூன்று முனைகளில் ஒன்று பள்ளத்தை விட்டு வெளியே குதித்துவிடும். உங்களுக்கு ஒரு பக்கம் சாய்ந்து தெரிவது அதனால்தான். குதித்தது மட்டும்தான் பிரச்சினை என்றால் நல்ல செய்தி. திரும்ப உட்கார வைத்துவிடலாம். ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்தச் சின்ன மோட்டார் நகராத குழாயை இழுக்கப் பார்க்கிறது. விட்டுக்கொடுப்பது பல்சக்கரத்தின் பற்கள். பல் ஒன்று மழுங்கினால் லென்ஸ் யூனிட்டையே மாற்ற வேண்டியதாகிறது. சத்தத்தைக் கவனித்தாலே ஓரளவு தெரியும். ஒரு முறை முனகிவிட்டு நின்றால் மோட்டார் மாட்டிக்கொண்டிருக்கிறது, பற்கள் இன்னும் பிழைத்திருக்கக்கூடும். டர்ர்ர் என்று தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்து லென்ஸ் மட்டும் அசையாவிட்டால் பற்கள் போய்விட்டன.

உள்ளங்கையில் ஓங்கித் தட்டுவது: தயவுசெய்து வேண்டாம். அந்த வீடியோவில் காட்டியவருக்குச் சரியாகியிருக்கலாம். குதித்த முனை அதிர்ச்சியில் தற்செயலாகத் திரும்ப விழுவதுண்டு. அதே அதிர்ச்சி, இன்னும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிற மற்ற இரண்டு முனைகளையும் உடைக்கக்கூடும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். பேட்டரியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். நசுங்கியிருந்தாலோ உப்பியிருந்தாலோ அதை இனி சார்ஜ் செய்யவே கூடாது. குப்பையிலும் போடாதீர்கள், தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். லென்ஸ் மோட்டார் கிளம்பும் நொடியில்தான் மின்சாரம் அதிகம் தேவைப்படும். அரைச் சார்ஜில் நல்ல லென்ஸே சில சமயம் திணறும்.

பிறகு டார்ச் அடித்து, லென்ஸ் குழாய்களுக்கு இடையே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். மணல் துகள் தெரிந்தால் லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு ரப்பர் காற்றூதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். அதன் பிறகு, எந்தப் பக்கம் அதிகம் துருத்தியிருக்கிறதோ அந்தப் பக்கத்தின் விளிம்பில் இரண்டு கட்டை விரல்களையும் வைத்து, பழுத்த மாம்பழத்தை அமுக்கிப் பார்ப்பீர்களே, அந்த அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். நடுவில் இருக்கும் கண்ணாடியில் விரல் படக் கூடாது. டக் என்று ஒரு மெல்லிய ஓசை கேட்டு, குழாய் நேராகத் தெரிந்தால் முனை உட்கார்ந்துவிட்டது. பேட்டரியைப் போட்டு, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஒரே ஒரு முறை ஆன் செய்யுங்கள். வேலை செய்தால் நல்லது. செய்யாவிட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது முயற்சி உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே, எதையும் சொட்டு விடாதீர்கள். ஒட்டிக்கொண்ட எண்ணெய் மெல்ல மெல்ல ஊர்ந்து, காகிதம் போல் மெலிந்த ஷட்டர் இதழ்களுக்குப் போய்ச் சேரும். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் லென்ஸ் நகர்ந்தும் படம் வராது. அப்படி எண்ணெய் குடித்த லென்ஸைச் சுத்தம் செய்வதைவிட வேறு லென்ஸ் போடுவது சுலபம்.

அடுத்தது, எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட் இருக்கிறது, நாமே கழற்றிப் பார்க்கலாமே என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் விடாதீர்கள். ஃபிளாஷ் எரிவதற்காக உள்ளே ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. பேட்டரி 3.7 வோல்ட்தான். ஆனால் அந்தக் கெபாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை ஏற்றி வைத்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அது காலியாகிவிடாது, வெகு நேரம் அப்படியே காத்திருக்கும். தொழில் கற்றுக்கொண்ட நாட்களில் ஒருமுறை அதன் கால்களில் என் விரல் பட்டது. கை உதறி, எதிர்ச் சுவரில் இடித்து, மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. நாங்கள் மூடியைக் கழற்றியதும் செய்கிற முதல் வேலை, ஒரு ரெசிஸ்டர் வைத்து அந்த மின்சாரத்தை மெல்ல வடிப்பதுதான். சிறுவர்கள் இருக்கும் வீட்டில் திறந்த கேமராவை மேசையில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

வேறு விதமாக விழுந்த கேமரா வைத்திருப்பவர்களுக்காக இரண்டு வரி. ஆன் ஆகவே இல்லையென்றால் முதலில் பேட்டரி மூடியைப் பாருங்கள். மூடியின் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால், மூடி திறந்திருப்பதாக நினைத்துக் கேமரா கிளம்பாது. திரையில் மை கொட்டியது போல் கறை பரவியிருந்தால் டிஸ்பிளே மட்டும்தான் போயிருக்கும், படம் ஒழுங்காகவே பதியும்.

இப்போது 3,500 ரூபாய். அது நியாயமா என்பது அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முனையை உட்கார வைத்துச் சுத்தம் செய்து தருவது கூலி வேலை. அதற்கு இந்தத் தொகை அதிகம். லென்ஸ் யூனிட்டையே மாற்றினால் நியாயமாக இருக்கலாம். எனவே கேளுங்கள்: மாற்றுகிறீர்களா, சரிசெய்கிறீர்களா? மாற்றினால் புதிய யூனிட்டா, வேறு கேமராவிலிருந்து எடுத்ததா? பழைய லென்ஸைத் திருப்பித் தருவீர்களா? எத்தனை மாத உத்தரவாதம்? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற கடையில் கொடுக்காதீர்கள். கம்பெனி வாரண்டி இன்னும் இருந்தால்கூடப் பொதுவாகக் கீழே விழுந்ததற்குச் செல்லாது.

வேறு கேமராவிலிருந்து எடுத்த லென்ஸ் என்றால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம். 2010-ல் உலகம் முழுக்க இந்த வகைக் கேமராக்கள் 10 கோடிக்கும் மேல் கடைகளுக்குப் போயின. ஸ்மார்ட்போன் பரவியபின் அது சரிந்து, 2023-ல் 20 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது என்பது ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கு. பழைய மாடல்களுக்குப் புது ஸ்பேர் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே அதே மாடலில், டிஸ்பிளே உடைந்த அல்லது போர்டு போன ஒரு கேமராவைச் சல்லிசாக வாங்கி, அதன் லென்ஸை எடுத்துப் பொருத்துவதுதான் இன்று நடைமுறை. கேமராவின் அடியில் இருக்கும் மாடல் எண்ணை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு தேடுங்கள். தெரிந்தவர் வீட்டு அலமாரியிலேயே ஒன்று கிடக்கலாம்.

செலவழிக்கலாமா என்று கேட்டால், வேறு யாருக்காவது வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் நிலையில் நான் இருந்தால் செலவழிப்பேன். அப்பாவின் கை பட்ட பொருள் அது.

சரிசெய்து வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சுவரில் ஒரு செய்தித்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதற்கு நேர் எதிரே கேமராவை ஒரு மேசையில் அசையாமல் வைத்து, ஜூம் இல்லாமல் ஒன்று, முழு ஜூமில் ஒன்று எடுங்கள். பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். மூன்று மூலைகளில் எழுத்து தெளிவாக இருந்து ஒன்றில் மட்டும் மங்கினால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இன்னும் சாய்ந்திருக்கிறது என்று பொருள். கையில் பிடித்திருக்கும்போது திரையில் காட்சி தானாக நடுங்கினாலோ, ங்ங்ங் என்று ஓயாமல் ரீங்காரம் கேட்டாலோ, கை நடுக்கத்தைச் சமன் செய்யும் அமைப்பு அடிபட்டிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது பேட்டரியைத் தனியாகக் கழற்றி வையுங்கள். நீட்டியிருக்கும் லென்ஸின் மேல் பாரம் படாதபடி, துவைத்த கைக்குட்டையில் சுற்றி ஒரு கெட்டியான டப்பாவில் போடுங்கள். பஞ்சு வைக்காதீர்கள், இழை உள்ளே போகும். லென்ஸின் மேல் செலோ டேப் ஒட்டாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில், எந்த நிலையில் விழுந்தது, அதன்பின் எத்தனை முறை ஆன் செய்தீர்கள், வீட்டில் அழுத்திப் பார்த்தீர்களா என்று எழுதி உள்ளே வையுங்கள். திறப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டுதான் அவருக்குச் சொல்லும்.