வான்கோவை உலகத்துக்குக் காட்டின ஜோ

கேள்வி: ஐரோப்பிய ஓவிய வரலாறுல, தூரிகையே பிடிக்காம பெரிய வேலை செஞ்சவங்க யாராவது இருக்காங்களா?

இருக்காங்க. ஜோ வான்கோ-பாங்கர், டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவோட தம்பி தியோவோட மனைவி.

வான்கோ உயிரோட இருந்தப்ப யாரும் கண்டுக்கல, செத்தப்புறம் உலகமே கொண்டாடுச்சுன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போயிடுறோம், ஆனா அது தானா நடக்கல, இந்தப் பொண்ணு 34 வருஷம் அலைஞ்சதாலதான் நடந்துச்சு.

வின்சென்ட் இறந்தது 1890 ஜூலை. ஆறே மாசத்துல தம்பி தியோவும் போயிட்டாரு. ஜோவுக்கு 28 வயசு, கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட முடியல, பையனுக்கு இன்னும் ஒரு வயசு ஆகல, சொத்துன்னு இருந்தது விலைபோகாத நூத்துக்கணக்கான ஓவியங்கள்தான். நெதர்லாந்துல புஸ்ஸும்ங்கிற ஊருக்கு வந்து போர்டிங் ஹவுஸ் (தங்க இடமும் சாப்பாடும் தர்ற விடுதி) நடத்திக்கிட்டே ராத்திரில வின்சென்ட் தியோவுக்கு எழுதின கடிதங்களைப் படிச்சாங்க, பிள்ளையோட சேர்த்து இந்த ஓவியங்களையும் தியோ என் பொறுப்புல விட்டுட்டுப் போயிருக்காருன்னு டைரில எழுதி வச்சாங்க. ஒண்ணும் தெரியாம உணர்ச்சிவசப்படுறாங்கன்னு ஒரு ஓவியர் அப்ப இவங்களைப் பத்தி எழுதினாரு. இவங்க நிக்கல. 1905ல ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் மியூசியத்துல ஹாலை வாடகைக்கு எடுத்து 480க்கு மேல படைப்புகளை மாட்டிட்டாங்க!

எனக்கு இவங்க மேல பெரிய மரியாதை வந்தது கடிதங்கள் விஷயத்துலதான். கடிதங்கள்ல இருந்த வின்சென்ட்டோட சோகக் கதையை முதல்லயே அச்சடிச்சிருந்தா நல்லா வித்திருக்கும், ஆனா ஓவியத்துக்கு மதிப்பு வர்றதுக்கு முன்னாடி ஆளோட வாழ்க்கையைக் காட்டி கவனம் இழுக்குறது இறந்தவருக்கு செய்யுற நியாயம் இல்லன்னு காத்திருந்து 1914லதான் வெளியிட்டாங்க. அதே வருஷம் தியோவோட உடலையும் எடுத்துட்டுப் போய் பிரான்ஸ்ல ஓவேர்ங்கிற ஊர்ல அண்ணன் வின்சென்ட் பக்கத்துலயே அடக்கம் பண்ணாங்க.

லண்டன் நேஷனல் கேலரி சூரியகாந்தி ஓவியத்தைக் கேட்டப்ப முதல்ல முடியாதுன்னுட்டாங்க, முப்பது வருஷத்துக்கு மேல தினமும் பார்த்துட்டு இருந்த படம், எப்படிப் பிரியுறது? அப்புறம் வின்சென்ட்டோட புகழுக்காக இந்தத் தியாகம்னு சொல்லி 1924ல விலைக்குக் கொடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் ஜோவும் இறந்துட்டாங்க, கடிதங்களை இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கிற வேலை அப்பவும் பாதில இருந்துச்சு.