வாசகர் கேள்வி பதில்: காட்டில் கட்டிப் படுக்க எந்த ஹமொக் நல்லது?

பாடசாலை விடுமுறையும் திருவிழாக் காலமும் நெருங்குவதால் இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹமொக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடுகிற படுக்கை, பற்றியவை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருப்பதால் சில கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, நானும் கூட்டாளிமாரும் ஆடி மாதம் முத்தையன்கட்டுப் பக்கம் இரண்டு இரவு தங்கப் போகிறோம். ஹமொக் பார்க்கப் போனால் விலையும் நிறமும் பல மாதிரி. ஒன்றில் பொக்கற் கூட, ஒன்றில் பாரம் குறைவு, இன்னொன்றில் தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (மாங்குளம்)

தம்பி, முதலில் நீளத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மலிவாக வருகிற பல ஹமொக்குகள் 8, 9 அடிதான் இருக்கும், படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டு படுத்திருப்பார், ஆனால் அதில் இரவு முழுக்கப் படுத்தால் முதுகு வளைந்து, தோள் இரண்டும் உள்ளே நெருங்கி, விடியும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். வளர்ந்த ஒருவருக்கு 11 அடி நீளமும் 5 அடிக்குக் குறையாத அகலமும் வேண்டும். ஏனென்றால் ஹமொக்கில் நேராகப் படுப்பதில்லை. தலையை ஒரு கரைக்கும் காலை மற்றக் கரைக்கும் போட்டுக் குறுக்குச் சரிவாகப் படுத்தால்தான் துணி விரிந்து முதுகு மட்டமாகும். அப்படிச் சரிந்து படுக்க இடம் தருவது நீளமும் அகலமும்தான். இரண்டு முனையிலும் தடி வைத்து விரித்த வகை பார்க்கக் கட்டில் போல இருக்கும், புரண்டு படுத்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். அது வீட்டு முற்றத்துக்குச் சரி, காட்டுக்கு வேண்டாம்.

அடுத்தது துணி. தண்ணீர் புகாது என்று போட்டிருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். மேலே தறப்பாள் கட்டத்தான் போகிறீர்கள், பிறகு படுக்கிற துணிக்கு எதற்கு அந்தப் பூச்சு? ஆடி மாதத்து வெக்கையில் வியர்வை வெளியே போக வழியில்லாமல் முதுகு ஊறிப்போகும். மழை உள்ளே அடித்தால் தண்ணீரும் வடியாமல் அப்படியே தேங்கும். பூச்சில்லாத, காற்றுப் போகிற நைலோன் துணி நல்லது. 70 டெனியர் (இழையின் தடிப்பைச் சொல்கிற அளவு) என்று போட்டிருந்தால் பெரும்பாலானோருக்குத் தாங்கும். 40 டெனியர் பாரம் குறைவு, ஆனால் உடம்பு கூடியவர்களுக்கு அதிகம் இழுபடும். பருத்தித் துணி படுக்க இதமானதுதான், நனைந்தால் காயாது, மாரியில் பூஞ்சணம் பிடித்துப் போய்விடும்.

மூன்றாவது, நடுக்கயிறு. ஹமொக்கின் இரண்டு முனைகளையும் மேலே நேராக இணைக்கிற மெல்லிய, இழுபடாத கயிறு. ஹமொக்கின் நீளத்தில் 83 வீதம் அதன் அளவு, அதாவது 11 அடி ஹமொக்குக்கு 9 அடி 1 அங்குலத்தை ஒட்டி. அது இருந்தால் எந்த மரத்தில், எவ்வளவு தூரத்தில் கட்டினாலும் தொய்வு ஒரே மாதிரி வரும், நுளம்பு வலையும் முகத்தில் விழாது, ரோர்ச்சையும் கண்ணாடியையும் அதிலேயே தொங்கவிடலாம். இது இல்லாமல் வருகிற ஹமொக்கை வாங்கினாலும் பரவாயில்லை, கயிறு வாங்கி நீங்களே கட்டிவிடலாம். நீளம் குறைந்ததை வாங்கினால் அப்படித் திருத்த முடியாது. பொக்கற், நிறம் இதெல்லாம் உங்கள் விருப்பம்.

ஒன்று சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் தங்குவதென்றால் வனவளத் திணைக்களத்திடம் அனுமதி எடுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ மிதிவெடி நாடாவோ இருக்கிற பக்கம் மரம் எவ்வளவு தோதாக இருந்தாலும் கால் வைக்க வேண்டாம். பலகை இல்லை என்பதற்காகவும் நம்பிப் போகக் கூடாது. அந்த ஊர் ஆட்கள் தினம் நடமாடுகிற இடம்தானா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: மீன்வலை மாதிரிப் பின்னிய நைலோன் ஹமொக் மலிவாகக் கிடைக்கிறது. அது போதாதா? (கிளிநொச்சி)

மத்தியானம் மாமர நிழலில் ஒரு குட்டித் தூக்கத்துக்குப் போதும். இரவுக்குப் போதாது. முடிச்சு முதுகில் பதியும், சட்டைப் பொத்தான் மாட்டும், நுளம்புக்குக் கீழ்ப்பக்கம் முழுக்கத் திறந்த வாசல்.

கேள்வி: வலை போட்டுத்தான் படுத்தேன், ஆனாலும் முதுகு முழுக்கத் தடிப்பு. வலையில் ஓட்டையும் இல்லை. நுளம்பு எப்படி உள்ளே வந்தது? (புதுக்குடியிருப்பு)

அக்கா, அது உள்ளே வரவில்லை, கீழே இருந்தே கடித்திருக்கிறது. உங்கள் பாரத்தில் துணி இறுகி முதுகோடு ஒட்டியிருக்கும்போது மெல்லிய நைலோனின் இழைகளுக்கு நடுவே அதன் ஊசி தாராளமாகப் போகும். விற்கிறவர்கள் வலையைப் பற்றி நிறையச் சொல்வார்கள், இந்தக் கீழ்ப்பக்கத்தைப் பற்றிப் பலர் வாயே திறப்பதில்லை. எங்கள் பக்கத்துக்கு ஹமொக் வாங்கும்போது நீளத்துக்கு அடுத்தபடி நான் பார்ப்பது இதைத்தான்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இரட்டைத் துணி ஹமொக். இரண்டு துணிக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கும், அதற்குள் மெல்லிய நுரைப்பாயோ மடித்த போர்வையோ வைத்தால் ஊசி எட்டாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மார்கழி, தை வாடைக் காலத்தில் ஹமொக்கின் கீழால் காற்றோடி முதுகு குளிரும், அந்தப் பாய் அதையும் தடுக்கும். குளிர்நாட்டுக்காரர் ஹமொக்குக்குக் கீழே கட்டுகிற இறகுப் போர்வையை நீங்கள் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. மற்ற வழி, ஹமொக்கோடு தைத்த வலைக்குப் பதிலாக ஹமொக் முழுவதையும் சுற்றி மூடுகிற உறை வலை. அது கீழேயும் தொங்கிக்கொண்டிருப்பதால் நுளம்பு துணியை நெருங்காது. தனித்துணி ஹமொக் ஏற்கெனவே கையில் இருந்தால் இதுதான் செலவு குறைந்த வழி. தெரிந்த தையற்காரர் இருந்தால் வலைத்துணி வாங்கிக் கொடுத்துத் தைப்பிக்கலாம், இரண்டு முனையிலும் சுருக்குக் கயிறு, ஒரு பக்கத்தில் சிப், அவ்வளவுதான் வேலை.

வலையின் கண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது உண்மைதான், ஆனால் டெங்கு இருக்கிறது. அந்த நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பது. ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலையை மூடுங்கள். உலர்வலயத்துக் காடுகளில் மணல் ஈயும் உண்டு, ஆறாத தோற்புண்ணைப் பரப்புவது அதுதான், நுளம்பைவிடச் சிறியது என்பதால் சாதாரண வலைக்கண்ணால் நுழைந்துவிடும். பெர்மெத்ரின் என்கிற பூச்சிகொல்லி மருந்து கிடைத்தால் துணியின் வெளிப்பக்கத்துக்கு அடித்து நன்றாகக் காயவிட்டுப் பாவிக்கலாம். அந்தத் துணியைக் குளத்தில் மட்டும் அலச வேண்டாம், மீன் செத்துப்போகும்.

கேள்வி: கட்டுவதற்குத் தும்புக்கயிறா நைலோன் கயிறா நல்லது? எவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டும்? (நெடுங்கேணி)

இரண்டும் வேண்டாம், பட்டி எடுங்கள். லொறியில் சாமான் இறுக்குகிற பட்டி மாதிரி, ஆனால் அவ்வளவு தடிப்பு வேண்டியதில்லை, ஓர் அங்குலம் அகலமான பொலியெஸ்டர் பட்டி. நைலோன் பட்டியும் அதே மாதிரித்தான் தெரியும், ஆனால் பாரம் ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும், படுக்கும்போது ஒரு முழம் உயரத்தில் இருந்தவர் நடுச்சாமத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். மெல்லிய கயிறு மரத்தின் பட்டையை வெட்டும். இளம் வேம்பிலோ நாவலிலோ ஓர் இரவு கயிறு கட்டிப் படுத்த பிறகு அவிழ்த்துப் பாருங்கள், கயிறு இருந்த இடத்தில் பட்டை நசுங்கி ஈரமாகத் தெரியும், விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அகலப் பட்டி அந்தப் பாரத்தைப் பரப்பிவிடும்.

இறுக்கிக் கட்டினால்தான் உறுதி என்று நினைக்கிறவர்கள் கூட. அது நேர்மாறு. பட்டி மரத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். அளவுகோல் தேவையில்லை, கையை நீட்டிச் சுட்டுவிரலைக் கிடையாகவும் பெருவிரலை நிமிர்த்தியும் பிடித்தால் பெருவிரல் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனிக்கு வருகிற சரிவுதான் அது. 70 கிலோ ஆள் அந்தச் சரிவில் படுத்தால் ஒவ்வொரு பக்கப் பட்டியிலும் விழுகிற இழுவை 70 கிலோதான். அதையே இழுத்து இறுக்கி 10 பாகையில் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 200 கிலோ இழுக்கும். பட்டி அறுவதும் தையல் பிரிவதும் மரம் சாய்வதும் இப்படித்தான். கொழுக்கி வாங்கும்போதும் கவனம், அதன் உடம்பில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும் (ஒரு கிலோநியூட்டன் என்பது கிட்டத்தட்ட 100 கிலோ). திறப்புக் கோர்க்கிற கொழுக்கியை இதற்குப் பாவிக்கவே கூடாது.

மரங்களுக்கு நடுவே 12 முதல் 15 அடி இடைவெளி, பட்டி ஆள் உயரத்தை ஒட்டி, படுக்கை கதிரை உயரம். மரம் தொடையளவு பருமனாவது இருக்கட்டும். வீரை, முதிரை, மருது, தேக்கு எல்லாம் நல்ல மரங்கள். பட்டமரத்தில் கட்டாதீர்கள், கட்ட முதல் அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கொப்பு தொங்கினால் வேறு இடம். தென்னையும் பனையும் காய்த்திருந்தால் வேண்டாம். பாலை உறுதியில் முதல்தரம், ஆனால் வைகாசியிலிருந்து ஆடி வரை பழுக்கிற காலத்தில் அதில் கட்டக் கூடாது, பழத்துக்குக் கரடி வரும், மரத்திலேயே ஏறும். முசுறுக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியே அவற்றுக்குப் பாலமாகிவிடும்.

கேள்வி: கச்சான் தோட்டத்துக் காவலுக்குப் பரணில் படுக்கிறேன். பரண் கட்டுகிற செலவுக்கு ஹமொக் வாங்கினால் என்ன? (ஒட்டுசுட்டான்)

ஐயா, வேண்டாம். தரையில் படுப்பதோடு ஒப்பிட்டால் ஹமொக் மேல், கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கிறது. ஆனால் நீங்கள் காவல் இருப்பது யானைக்கு. கதிரை உயரத்தில், வலையின் சிப்பை மூடிக்கொண்டு, குறுக்குச் சரிவாகப் படுத்திருப்பவர் இருட்டில் எழும்பி வெளியே வர நேரம் எடுக்கும். பரணின் உயரத்துக்கு அது எந்த வகையிலும் ஈடில்லை. பரணுக்கு மேலே, அதன் தூண்கள் உறுதியாக இருந்தால், பகலில் இளைப்பாற ஹமொக் கட்டுங்கள். காட்டில் தங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: பின்னேரத்தில் யானை தண்ணீருக்கு இறங்குகிற குளக்கரையிலும், லத்தி கிடக்கிற, கொப்பு முறிந்த தடத்திலும் ஹமொக் கட்ட வேண்டாம்.

கேள்வி: மழைக்கு என்ன செய்வது? ஹமொக்கோடு வருகிற சின்ன மேல்விரிப்பு காணுமா? (வவுனியா)

காணாது. 11 அடி ஹமொக்குக்கு மேல்விரிப்பின் நடுநீளம் 12 அடியாவது வேண்டும், அகலம் 10 அடி இருந்தால் சாரலுக்கும் பயமில்லை. தறப்பாள் கட்டுவதை வன்னி ஆட்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை, தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில் குடும்பம் நடத்திய சனம் நாங்கள். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுதான்: மழைத் தண்ணீர் மரத்தால் இறங்கிப் பட்டி வழியே ஓடி ஹமொக்குக்குள் வரும். தறப்பாளின் நிழலுக்குள் வருகிற இடத்தில், பட்டியில் ஒரு சாண் நூலோ துணித்துண்டோ கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதால் சொட்டிக் கீழே போய்விடும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் தொடங்கினால் மரத்தடியில் இருக்கவே வேண்டாம், வீட்டுக்கோ வாகனத்துக்கோ போய்விடுங்கள்.

கேள்வி: வயது 60 தாண்டிவிட்டது. இந்தமுறை செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போக நேர்ந்திருக்கிறேன். நாரிப்பிடிப்பு உண்டு, நிலத்தில் படுத்தால் எழும்ப முடியவில்லை. ஹமொக் உதவுமா? (முள்ளியவளை)

உதவலாம் அம்மா, ஆனால் புறப்படுகிற அன்று புதிதாக வாங்கிக்கொண்டு போக வேண்டாம். இப்போதே வாங்கி வீட்டு முற்றத்தில் கட்டிக் கொஞ்ச நாள் படுத்துப் பாருங்கள். சிலருக்கு நாரி இளகும், சிலருக்குக் கூடும், படுத்துப் பார்த்தால்தான் தெரியும். குறுக்காகப் படுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சேலையைச் சுருட்டி வைத்தால் கால் இழுபடாது. ஏறும்போது துணியை விரித்து நடுவில் முதலில் இருந்துகொண்டு, பிறகு காலைத் தூக்குங்கள், இறங்கும்போது இரண்டு காலும் நிலத்தில் பட்ட பிறகு எழும்புங்கள். உங்களுக்குச் சிப் பக்கவாட்டில் நீளமாகத் திறக்கிற வகைதான் தோது, கீழால் நுழைகிற வகை வேண்டாம். ஹமொக், வலை, பட்டி எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ வருகிறது என்று நிறுத்துப் பாருங்கள், அத்தனை நாளும் தோளில் சுமக்கப் போவது நீங்கள்தான். உகந்தை தாண்டியதும் வருகிற காட்டுப் பாதையில் உங்கள் கூட்டம் எங்கே படுக்கிறதோ அங்கேயே நீங்களும் படுக்க வேண்டும், நல்ல மரம் தேடி அம்பத்தடி தள்ளிப் போகக் கூடாது, அங்கே மரம் வாய்க்காவிட்டால் அன்றிரவு பாய்தான்.

கேள்வி: கைக்குழந்தையையும் என்னோடு ஹமொக்கில் படுக்க வைக்கலாமா? ஏணையில் படுத்துப் பழகிய பிள்ளைதானே. (மல்லாவி)

வேண்டாம் தங்கச்சி. இரண்டு பேரையும் துணி நடுவுக்கு இழுக்கும், பிள்ளையின் முகம் உங்கள் உடம்பிலோ துணியிலோ அழுந்தி மூச்சுத் திணறும், நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். பயணத்தில் பிள்ளைக்கு மட்டமான, இறுக்கமான பாயும், கரையை மண்ணோடு செருகிய தனி வலையும்தான் சரி.