தசை ஏன் எந்நேரமும் இறுகிக் கிடப்பதில்லை?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். கல்சியம் வந்தால்தான் தசை சுருங்கும் என்கிறார்கள். கல்சியம் உடம்பு முழுக்க இருக்கிறதே, பிறகு ஏன் தசை எப்போதும் சுருங்கியே இருப்பதில்லை? தேத்தண்ணியிலுள்ள கஃபீன் அந்தக் கல்சியம் கால்வாயைத் திறந்துவிடும் என்று ஒரு அக்கா சொன்னா, உண்மையா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. உடம்பில் இருப்பது வேறு, கலத்துக்குள் நிறைந்திருக்கும் குழியவுருவில் இருப்பது வேறு. ஓய்வாக இருக்கும் தசைக் கலத்தின் குழியவுருவில் கல்சியம் அயன்கள் மிகமிகக் குறைவு, வெளியே அதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. கலத்துக்குள்ளேயே தசைமுதலுருச் சிறுவலை என்று ஒரு களஞ்சியம் உண்டு. அதன் மென்சவ்விலுள்ள பம்பிகள், கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து ஓயாமல் கல்சியத்தை அள்ளி உள்ளே போட்டுக்கொண்டே இருக்கின்றன. கூரைத் தாங்கிக்கு மோட்டர் தண்ணீர் ஏற்றி வைத்தபின் கீழே பைப்பைத் திறந்தால் தானாக வருகிறதல்லவா, அப்படித்தான். கால்வாய் எதையும் தள்ளுவதில்லை, வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

களஞ்சியத்தின் மென்சவ்விலுள்ள அந்தக் கால்வாய்தான் ரயனோடின் ஏற்பி. ஒவ்வொன்றும் சுமார் 5,000 அமினோ அமிலங்கள் கொண்ட நாலு துண்டுகள் சேர்ந்தது. அறியப்பட்ட அயன் கால்வாய்களில் இதுதான் ஆகப் பெரியது.

என்னை மிகவும் கவர்ந்தது அது திறக்கிற விதம். கை, கால் தசைகளில் வெளி மென்சவ்விலுள்ள இன்னொரு புரதம் மின் சைகையை உணர்ந்து வடிவம் மாறி, தன்னோடு தொட்டுக்கொண்டிருக்கும் இந்த ஏற்பியை நேரடியாகவே திறந்துவிடுகிறது. அதற்கு வெளியிலிருந்து கல்சியம் வரத் தேவையில்லை. இதயத்தில் அப்படி நடக்காது. முதலில் வெளியிலிருந்து கொஞ்சம் கல்சியம் நுழைய வேண்டும், அது போய் ஒட்டினால்தான் ஏற்பி திறந்து உள்ளிருக்கும் பெருந்தொகையை விடுவிக்கும். 1883இல் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை வைத்துச் செய்த சோதனைகளில், கல்சியம் இல்லாத உப்புக் கரைசலில் அது துடிப்பதை நிறுத்திவிட்டதற்குக் காரணம் வெளியிலிருந்து கல்சியம் வராததுதான். அப்புறம் பம்பிகள் கல்சியத்தைத் திரும்ப அள்ளியதும் தசை தளரும்.

சிலருக்குத் தசையின் ரயனோடின் ஏற்பியில் பிறவிக் குறை இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஹலோதேன் போன்ற மயக்க வாயு கொடுத்ததும் கால்வாய்கள் மூடாமல் தசைகள் இறுகி, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும். டன்ட்ரோலீன் என்ற மருந்தை உடனே ஏற்றினால் காப்பாற்றலாம். வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் இப்படி நடந்திருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கஃபீன் விஷயத்தில் அக்கா சொன்னது ஆய்வுகூடத்தில் உண்மை. ஆனால் அங்கே தேவைப்படும் செறிவு, நாலைந்து கோப்பை குடித்தாலும் இரத்தத்தில் சேர்வதைவிடப் பல மடங்கு அதிகம். தேத்தண்ணி குடித்துப் படபடப்பு வந்தால் அதற்கு முக்கிய காரணம், உடலை அமைதிப்படுத்தும் அடினோசின் என்ற பொருளின் ஏற்பிகளைக் கஃபீன் மறிப்பதுதான்.