மிருக வைத்தியர் பதில்கள்: சீனவெடிக்குப் பூத்துளி மருந்தா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் கோயில். திருவிழாவில் வெடி தொடங்கினால் எங்கள் ஜிம்மி வாயால் நீர் வடிய நடுங்கிக்கொண்டு குசினிக்குள் உரலுக்குப் பின்னால் புகுந்துவிடுகிறது. சென்ற சப்பறத்தன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி மறுநாள்தான் வந்து சேர்ந்தது. கனடாவிலிருந்து வந்த தங்கை ‘ரெஸ்கியூ ரெமடி’ என்று ஒரு சிறிய போத்தல் தந்திருக்கிறாள். பூக்களிலிருந்து எடுத்ததாம், நான்கு துளி விட்டால் பயம் தெளியுமாம். கொடுக்கலாமா ஐயா?
- வாசகி, கொக்குவில்

பதில்: கொடுப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி ஜிம்மியை முற்றத்தில் கட்டிவிட்டுத் தேர் பார்க்கப் போய்விடாதீர்கள்.

இந்தத் துளிகளை உருவாக்கியவர் எட்வேர்ட் பாச் என்ற ஆங்கிலேய வைத்தியர்; 1936இல் காலமானார். பயம், பொறாமை, பொறுமையின்மை என்று ஒவ்வொரு மனநிலைக்கும் ஒன்றாக 38 மருந்துகள் வைத்தார். அவற்றில் ஒன்றில் பூவே கிடையாது, வெறும் ஊற்றுநீர். பூக்களைக் கண்ணாடிக் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள்; சில வகைகளை நீரில் கொதிக்கவைப்பார்கள். அந்த நீருடன் அதே அளவு பிராந்தி சேர்த்து, அதிலிருந்து இரண்டு துளியை எடுத்து 30 மில்லிலீற்றர் பிராந்தியில் விடுவார்கள். உங்கள் கையில் இருப்பது அப்படிச் செய்த ஐந்தின் கலவை. அதில் ஒன்று நம் முற்றத்துக் காசித்தும்பைக்குச் சொந்தக்காரப் பூ. அந்த ஐந்தும் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். மனிதரிடம் ஒழுங்காகச் செய்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வெறும் போலித்துளிக்கும் இதற்கும் வித்தியாசம் காணவில்லை.

“என் நாய்க்குச் சுகம் வந்ததே” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. துளி கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தரையில் அமர்கிறீர்கள். தாடையை ஏந்தி, கடைவாய்ப் பக்கத்து உதட்டை விலக்கித் துளியை விட்டு, கழுத்தைத் தடவியபடி மெல்லப் பேசுகிறீர்கள். மருந்து கொடுத்துவிட்டோம் என்று உங்கள் பதற்றமும் தணிகிறது. தணிந்த கண்ணுக்கு நாயின் நடுக்கமும் குறைந்ததாகவே படும். பயந்த நாயைத் தேற்றினால் பயம் கூடும் என்பார்கள். அது வீண்பேச்சு, தாராளமாகத் தேற்றுங்கள். அதற்குப் போத்தல் வேண்டியதில்லை.

நாய்க்கு நம்மைவிட உயர்ந்த ஒலிகளும் கேட்கும். வெடிச்சத்தம் அதற்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜிம்மி உரலுக்குப் பின்னால் போனது புத்திசாலித்தனம். அந்த இடத்தையே அதற்கு ஒதுக்கிவிடுங்கள். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிச் சென்று வந்து, வயிறு நிறையக் கொடுத்து, ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் போட்டுவிடுங்கள். சங்கிலி வேண்டவே வேண்டாம். படலை பூட்டியிருக்கட்டும், கிணற்றுக்கு மூடி இருக்கட்டும். வெருண்டோடும் நாய் கிணற்றுக் கட்டைப் பார்ப்பதில்லை.

அடுத்த திருவிழாவுக்கு முன்பே கைத்தொலைபேசியில் வெடிச்சத்தத்தைக் காதுக்குக் கேட்டும் கேளாத அளவில் போட்டு, கேட்கும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாடோ இறைச்சியோ கொடுங்கள். நாய் அசையாமல் உண்ணும் வரை சத்தத்தைக் கூட்டாதீர்கள். வாரக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. சங்கிலியை அறுக்கும் அளவு பயத்துக்கு இதுவும் போதாமல் போகலாம். அப்போது முன்கூட்டியே வைத்தியரிடம் காட்டினால் அன்றைக்கு மட்டும் கொடுக்கும் மாத்திரை எழுதித் தருவார். வீட்டில் அப்பாவுக்கு வாங்கிய நித்திரை மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. கனடாப் பெட்டியில் இனிப்பு, சூயிங்கம் எதுவும் வந்திருந்தால் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தும், ஈரலையும் கெடுக்கும்.

கேள்வி: போத்தல் விலை கட்டுப்படியாகாது. எங்கள் வளவிலேயே அலரி, நித்தியகல்யாணி, செவ்வரத்தை எல்லாம் பூக்கின்றன. வெயிலில் வைத்து நானே தயாரிக்கலாமா?
- வாசகர், உரும்பிராய்

பதில்: கூடவே கூடாது. அலரியில், சிவப்போ மஞ்சளோ, இதயத் துடிப்பையே குழப்பும் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் அலரியைப் பற்றி யாழ்ப்பாணத்து வைத்தியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அலரிப் பூ ஊறிய நீரே ஆபத்தானது. நித்தியகல்யாணியிலிருந்துதான் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் என்ற மருந்தை எடுக்கிறார்கள். அவ்வளவு வலுவான செடி. கோயிலுக்குப் பறியுங்கள், நாயின் தட்டில் போடாதீர்கள். செவ்வரத்தையால் பெரிய தீங்கில்லை, ஆனால் அதில் எதைத் தேடுகிறீர்கள்?

வெட்டிய அலரிக் கிளைகளை வேலிக்கு வெளியே எறிவதையும் நிறுத்துங்கள். ஆடுகள் வாய் வைக்கும்.

கேள்வி: அக்கா குடும்பத்தோடு லண்டன் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற நாய் நாள் முழுவதும் படலையடியில் படுத்திருக்கிறது, சோற்றைத் தொடுவதில்லை, இரவில் ஊளையிடுகிறது. பழைய நினைவில் வாடுவோருக்கு ‘ஹனிசக்கிள்’ பூத்துளி நல்லதாம். அனுப்பச் சொல்லவா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: துளி வந்து சேருமுன் நாயின் முரசைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, முரசு வெளிறியிருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்று கவனியுங்கள். காதுமடலின் உட்புறத்திலும் விரலிடுக்குகளிலும் உண்ணி தேடுங்கள். ஏக்கம் என்று வீட்டார் சொன்ன எத்தனையோ நாய்களில் நான் கண்டது உண்ணிக் காய்ச்சல்தான். வயது போன நாயானால் பல்லும் காரணமாகலாம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையென்றால் இரத்தம் சோதிக்க வேண்டும்.

நோய் எதுவும் இல்லையென்றால் ஏக்கம் உண்மைதான். அக்காவின் பழைய சேலையொன்றைத் தோய்க்காமல் அதன் படுக்கையில் போடுங்கள். அக்கா சோறு வைத்த அதே நேரத்தில், அதே தட்டில் வையுங்கள். மீன் குழம்பு ஊற்றித்தான் கொடுத்தாரா என்று கேட்டறியுங்கள். வீட்டில் ஒருவரே தினமும் அதைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முனை வரை நடந்து வரட்டும். வீடியோ அழைப்பில் அக்காவின் குரலைக் கேட்கவைப்பது அக்காவுக்கு ஆறுதல். நாய் அதன்பின் மறுபடியும் படலைக்கு ஓடுகிறதென்றால் கொஞ்ச நாளைக்கு அந்த அழைப்பை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடுவன் பூனை சில நாளாக மண்தட்டில் போகாமல் தரையெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடுகிறது. புதிதாக ஒரு குட்டி வந்த பொறாமையாம். ‘ஹோலி’ துளி பொறாமைக்கு என்கிறார்கள்.
- வாசகர், மானிப்பாய்

பதில்: சொட்டுச் சொட்டாக என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் அடைபடும். முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வலிக்கிறதென்று பரசிற்றமோல் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. இந்த இதழ் கைக்குக் கிடைத்தவுடன் பூனையை ஒரு கூடையில் வைத்து மூடி, அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். குட்டிக்கென்று தனியாக இன்னொரு மண்தட்டு வைப்பதை, திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.