ஐரோப்பாவில் புற்றுநோய் இறப்பு: கேள்வி பதில்

செல்வி: இறப்பு விகிதம் குறைகிறது என்கிறார்கள். ஆனால் இறப்பவர் எண்ணிக்கை கூடுகிறதே, எது சரி?

இரண்டுமே சரி. இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளில் முதியவர்கள் பெருகிவிட்டார்கள். புற்றுநோய் அதிகம் தாக்குவதும் அந்த வயதில்தான். அதனால் மொத்த எண்ணிக்கை ஏறுகிறது. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1980-களின் கடைசியிலிருந்து விகிதம் இறங்கிக்கொண்டுதான் வருகிறது. வெறும் எண்ணிக்கையை வைத்து நாடுகளை ஒப்பிடாதீர்கள்.

ரவி: புது மருந்துகள்தான் காரணமா?

மார்பகப் புற்றுநோயில் மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண்களை அதிகம் காப்பாற்றியது சிகரெட்டை விட்டதுதான். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் காட்டினார்கள். அங்கே ஆண்களின் நுரையீரல் புற்று இறப்பு 1970-களிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. ஹங்கேரி ஆண்களுக்கு 1990-கள் வரை ஏறிக்கொண்டே இருந்தது. அந்த இருபது வருட இடைவெளியில் போன உயிர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

தீபா: பெண்களுக்கு?

இங்கேதான் கவலை. 1975-ல் இருபது வயதில் முதல் சிகரெட்டைப் பற்றவைத்த ஸ்பெயின் பெண்ணுக்கு 2020-ல் அறுபத்தைந்து வயது. அன்று இழுத்த புகைக்கு இன்றுதான் கணக்குத் தீர்க்கிறாள். அவள் தலைமுறையில் புகைத்தவர்கள் அதிகம் என்பதால்தான் அங்கே பெண்களின் நுரையீரல் புற்று இறப்பு ஏறியது.

கண்ணன்: இரைப்பைப் புற்று ஏன் குறைந்தது?

ஃப்ரிட்ஜ் வந்தது, உப்பிலிட்ட உணவு குறைந்தது, இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் தொற்றும் குறைந்தது. கணையப் புற்றில் இப்படி ஒரு நல்ல செய்தி இன்னும் இல்லை.

நளினி: கருப்பைவாய்ப் புற்றில் நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஃபின்லாந்தில் 1960-களிலிருந்தே, முப்பது வயதானதும் பெண்ணின் வீட்டுக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். அவள் தேடிப் போக வேண்டியதில்லை. ருமேனியாவில் அப்படியொரு ஏற்பாடு வேரூன்றவே இல்லை. ஒன்றியத்திலேயே இந்த நோயால் அதிகம் இறப்பவர்களில் ருமேனியப் பெண்களும் அடக்கம். தடுக்கக்கூடிய சாவு இது, அதுதான் வேதனை.

அனிதா: நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது. ஹெச்பிவி ஊசி (கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸுக்கு எதிரான தடுப்பூசி) போடலாமா?

தயங்காமல் போடுங்கள். அங்கே 9 முதல் 14 வயது வரை பரிந்துரைக்கிறார்கள், இந்த வயதில் இரண்டு டோஸ் போதும். 2018 முதல் பையன்களுக்கும் உண்டு. மகன் இருந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.