ஒரு கிட்னி தானம் கொடுத்த அம்மாவுக்கு பிபி 148/92. ஒற்றைக் கிட்னிதான் காரணமா?

அம்மாவுக்கு வயது 54, உங்கள் தம்பிக்குக் கிட்னி கொடுத்து நான்கு வருடம் என்கிறீர்கள். கொடுத்ததும் ஓரளவு காரணமாக இருக்கலாம். தானம் கொடுத்தவர்களுக்கு ஐந்து, பத்து வருடத்தில் வயதுக்கேற்ற ஏற்றத்துக்கு மேல் சராசரியாக 5 புள்ளி கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. 148 வரை போனதற்கு அது மட்டும் போதாது. உப்பு, எடை, பரம்பரை, வலி மாத்திரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் ஒருமுறை பார்த்த அளவை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், மேல்கையில் கட்டுவதே சரி. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி கூடாது. காலை, மாலை இரண்டிரண்டு முறை, ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரி 135/85-ஐத் தாண்டினால் பிபிதான்.

கூடவே ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பாருங்கள். ஒரு கிட்னி போனபின் வடிகட்டும் திறன் பழையதில் அறுபது, எழுபது சதவீதத்தில் நிற்பது இயல்பு. லேப் அதைச் சிவப்பில் அச்சடித்துப் பயமுறுத்தும். ஆபரேஷனுக்குப் பின் எடுத்த பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு, கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆல்புமின் விகிதம் 30 mg/g-ஐத் தாண்டினால் டாக்டர் பெரும்பாலும் டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகை பிபி மாத்திரையைத்தான் தேர்ந்தெடுப்பார். தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் வழக்கமாக மாத்திரையை நிறுத்துவதில்லை. வாந்தி, பேதி வந்த நாளில் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் அதைப் போடக் கூடாது. அம்லோடிபின் என்ற வேறு வகை பிபி மாத்திரை கொடுத்தால் சிலருக்குக் கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று பதற வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும்.

முக்கியமாக மூட்டுவலி மாத்திரை. 'வெறும் பாராசிட்டமால்தான்' என்று கடையில் தருவதில் அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கலந்திருக்கலாம், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் அதே இனம்: பிபியையும் ஏற்றும், இருக்கிற ஒரு கிட்னியையும் கெடுக்கும்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள் அடக்கம். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், டெல்மிசார்ட்டான் போடுபவர் கேட்காமல் வாங்கக் கூடாது.

தம்பியின் பிபி மாத்திரை வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்து அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். அது தம்பியின் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தது.